மழலையோடு ஒரு கடற்பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கினால், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களில் சுற்றுலாப் பேச்சும் தொடங்கிவிடும். கேமரன் மலை, போர்ட்டிக்சன், பினாங்கு என்னும் பழகிய பட்டியலில் இப்போது உல்லாசக் கப்பல் பயணமும் இடம்பெற்றுள்ளது. தங்கும் அறை, மூன்று வேளை உணவு, விளையாட்டு, கலைநிகழ்ச்சி ஆகியவை பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. பாட்டி நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. அம்மா சமைக்க வேண்டியதில்லை. அப்பா வண்டி ஓட்ட வேண்டியதில்லை. கேட்பதற்கு எல்லாம் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தால் பயணத்தின் கணக்கே மாறிவிடுகிறது.

ஸ்ரீ கெம்பாங்கானில் அப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டாம் படிவத்தில் பயிலும் அக்காள், மூன்று வயதுத் தம்பி என ஐவர். செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கே.எல். சென்ட்ரலில் மாறிக்கொண்டால், போர்ட் கிள்ளான் வரை ரயிலிலேயே போய்விடலாம். எனினும், அந்த ரயில் நிலையம் பழைய துறைமுகத்தின் அருகில் இருக்கிறது. உல்லாசக் கப்பல்களுக்காக 1990களில் கட்டப்பட்ட முனையம் பூலாவ் இண்டா தீவில் உள்ளது. அங்கே செல்ல மீண்டும் ஒரு வாடகைக் கார் தேவைப்படும். நான்கு பெட்டிகள், ஒரு தள்ளுவண்டி, தோளில் தூங்கி விழும் பிள்ளை ஆகியவற்றோடு இத்தனை முறை ஏறி இறங்குவதைவிட, வீட்டு வாசலிலிருந்து காரிலேயே நெடுஞ்சாலை வழியாகப் பூலாவ் இண்டா செல்வது மேல். தீவுக்குப் பாலம் இருப்பதால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றடையலாம். சிறு பிள்ளையோடு செல்லும் பயணத்தில் செலவு குறைந்த வழியைவிடத் தொல்லை குறைந்த வழியே பல வேளைகளில் சிக்கனமானது.

கைக்குழந்தையோடு கப்பலேறுவது நம் நாட்டுத் தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. இதே கிள்ளான் கரையில்தான் அவர்களுடைய முன்னோர் பலர் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தபடி வந்து இறங்கினர். 1901ஆம் ஆண்டு இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என அழைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் கண்டது. பழைய பெயர் முற்றாக மறைந்துவிடவில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் உல்லாசக் கப்பல்கள் அணையும் துறை இன்றும் சுவெட்டன்ஹாம் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அக்காலக் கப்பல்களுள் நம் மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது ‘ராஜுலா’. 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட இக்கப்பல், இரண்டாம் உலகப் போர்க் காலம் நீங்கலாக, 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றுவதற்கு அதற்கு உரிமம் இருந்தது. தளப்பயணிகள் என்போர் தனியறை இல்லாதவர்கள். கப்பலின் தளத்திலும் அதற்குக் கீழுள்ள தட்டுகளிலும் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தின் பாயை அடுத்த குடும்பத்தின் பாய் தொட்டுக்கொண்டிருக்க, ஏறத்தாழ ஒரு வாரம் அவர்கள் பயணம் செய்தனர்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாது. கரையிலிருந்து தள்ளி, கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு மாற வேண்டும். பெரியவர்களுக்கே கால் நடுங்கும் அவ்விடத்தில், குழந்தையை ஒருவர் தூக்கிக் கொடுக்க மற்றொருவர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கப்பலில் எவருக்கேனும் அம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால் துன்பம் இரட்டிப்பாகும். பினாங்கை ஒட்டியுள்ள ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நோய்த் தடுப்பு முகாம்கள் இருந்தன. பயணம் முடிந்தும் வீடு சேர முடியாமல், பிள்ளைகளோடு பல நாள் அங்கே காத்திருந்தவர்கள் உண்டு.

இவர்கள் எல்லாரும் ஒரே காரணத்திற்காகக் கப்பலேறவில்லை. தொடக்கக் காலத்தில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்காக வந்தனர். அவ்வாறு உதவித்தொகை பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தடை செய்தது. பின்னர், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளையைக் காட்டவும், காதுகுத்து, திருமணம் போன்ற சடங்குகளுக்காகவும் சொந்தச் செலவில் சென்று வந்தோர் பெருகினர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு, குடியுரிமை பெறாத பலர் வேலை அனுமதி கிடைக்காமல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டனர். தங்கள் பிறந்த மண்ணையே விட்டுச் சென்ற பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இன்று உல்லாசப் பயணத்திற்குப் பெயர்பெற்ற கிள்ளான் கடற்கரை, அன்று பல பிரிவுகளையும் கண்ட கரை.

ராஜுலாவின் இடத்தை ‘எம்.வி. சிதம்பரம்’ என்னும் கப்பல் 1970களில் ஏற்றது. 1985ஆம் ஆண்டு நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பற்றியதில் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. ஏற்கனவே விமானப் பயணம் பரவியிருந்ததால், அடுத்த தலைமுறைக்குக் கப்பல் என்பது பாட்டி சொல்லும் கதையாக மட்டும் எஞ்சியது.

அந்தப் பழைய தளத்தில் வசதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆயினும், இன்றைய சொகுசுக் கப்பலில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. சுவரும் கதவும் இல்லாத அவ்விடத்தில் ஒரு குழந்தை பாயை விட்டு நகர்ந்தால், அதைப் பத்துப் பேர் பார்த்தனர். இன்றைய கப்பலில் ஒவ்வொரு குடும்பமும் பூட்டிய கதவுக்குப் பின்னால் தங்குகிறது. கதவைத் திறந்தால் நீண்ட நடைபாதை. ஒரே நிறக் கதவுகள், ஒரே மாதிரி விளக்குகள். மூன்று வயதுப் பிள்ளை வெளியே வந்து நான்கடி நடந்துவிட்டால், தன் அறை எது என்று அதற்குத் தெரியாது. எதிரே வரும் அந்நியர், பெற்றோர் பின்னால் வருகிறார்கள் என்று எண்ணிக் கடந்து போய்விடுவார். குடும்பத்தாரிடையேயும் இதே மயக்கம் ஏற்படுவதுண்டு. குழந்தை பாட்டியோடு இருப்பதாக அம்மா நினைப்பார். அம்மாவோடு இருப்பதாகப் பாட்டி நினைப்பார். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவரும் பார்க்காமல் போவது இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே, கப்பலில் எந்த நேரத்தில் யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. பொறுப்பை மாற்றிக்கொள்ளும்போது வாய்விட்டுச் சொல்வதும் அவசியம். “பாட்டி, தம்பி இப்போது உங்களிடம் இருக்கிறான், நான் குளிக்கப் போகிறேன்” என்று சொன்னால் போதும். தலையசைத்துவிட்டுப் போவது போதாது.

பயணத்திற்குப் பதிவு செய்யும் முன்பே கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. பல கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. நாள்கணக்கில் கரை தொடாத நீண்ட பயணமாயின் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. காரணம் எளிது. கப்பலில் மருத்துவர் இருப்பார். நூறு பேருக்குமேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட அனைத்துலகப் பயணம் செல்லும் கப்பலில் மருத்துவர் இருக்க வேண்டும் என்பது உலக விதி. ஆனால், குழந்தைநல நிபுணரையும் பெரிய மருத்துவமனையின் கருவிகளையும் நடுக்கடலில் எதிர்பார்க்க முடியாது. எனவே, குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது ஒப்படைக்கப்படும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டால் அலைந்துகொண்டிருக்க நேரிடும். சிங்கப்பூரையோ தாய்லாந்தின் பூக்கெட்டையோ தொடும் பயணமாயின், குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அது குறைந்தது ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

மலேசியக் குடும்பங்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் சில பொருள்களைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. ரைஸ் குக்கர், மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் தடை செய்துள்ளன. பிள்ளைக்குக் கஞ்சி வைக்க ஒரு சிறிய ரைஸ் குக்கர்தானே என்று தோன்றலாம். கரையில் தீப்பிடித்தால் மக்கள் கட்டடத்தை விட்டு வெளியே ஓடலாம். கடலில் ஓடுவதற்கு இடமில்லை. எம்.வி. சிதம்பரத்திற்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றாது. குழந்தைக்குரிய மென்மையான சோறும் வெந்நீரும் கேட்டால் உணவகத்திலேயே கிடைக்கும்.

கப்பலில் ஏறியவுடன் சிறுவர் கால்கள் தாமாகவே நீச்சல் குளத்தை நோக்கி ஓடும். அதற்குமுன் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அதுதான் அவசரக்கால ஒன்றுகூடல் பயிற்சி. 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கொன்கார்டியா’ என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலைதான் கப்பலேறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடத்தப்படவில்லை. ஏறிய 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அவ்விபத்துக்குப் பின் விதி திருத்தப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ புதிய பயணிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். சில கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடும் இடத்திற்கு நேரில் சென்று பதிவு செய்யும் முறை உள்ளது. குழந்தை சிணுங்குகிறது என்று எவரேனும் ஒருவர் அறையிலேயே தங்கிவிடக் கூடாது. அவ்விடத்திற்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தால்தான், மாடிப்படியில் எத்தனை நிமிடம் பிடிக்கும், பாட்டியின் முழங்கால் தாங்குமா, தள்ளுவண்டி எங்கே தடையாகும் என்பதெல்லாம் தெரியவரும். அவசர வேளையில் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது.

உயிர்காப்பு அங்கியிலும் கவனம் தேவை. பெரியவர்களுக்கான அங்கி குழந்தையின் தலைக்கு மேலே நழுவிவிடும். அனைத்துலக விதிப்படி 15 கிலோகிராமுக்குக் குறைந்த எடையும் 100 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமும் கொண்ட மழலையருக்கு ஒருவகை அங்கியும், அதற்குமேல் 43 கிலோகிராம் வரையுள்ள சிறுவருக்கு மற்றொரு வகை அங்கியும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையில்தான் இருக்கும். ஆதலால், புறப்படுமுன் எடையையும் உயரத்தையும் அளந்து வைத்துக்கொண்டு, அறைக்குச் சென்றதும் பொருத்தமான அங்கி இருக்கிறதா என்று பணியாளரிடம் கேட்க வேண்டும்.

நீச்சல் குளத்தைப் பற்றியும் ஒரு சொல். அணையாடை அணியும் குழந்தைகளைப் பல கப்பல்களின் குளங்களில் இறங்க விடுவதில்லை. சிறுவர் விளையாட்டுக்கூடமும் பெரும்பாலும் மூன்று வயது நிறைந்து, தானே கழிப்பறை செல்லப் பழகிய பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளும். விளம்பரப் படத்தில் சறுக்குமரத்தைக் காட்டித் தம்பியை ஆசைப்பட வைத்துவிட்டு, அங்கே போய் ‘முடியாது’ என்று சொன்னால், அழுகையை நிறுத்த ஒரு நாள் போதாது. எல்லாக் கப்பல்களின் குளத்தருகிலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்றும் எண்ணிவிடக் கூடாது. நீரில் மூழ்கும் குழந்தை திரைப்படத்தில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூவுவதில்லை. பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்குகிறது. கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்து முடிக்கும் நேரம் அதற்குப் போதும். பால்கனி உள்ள அறையாயின், நாற்காலியைத் தடுப்புக் கம்பியின் அருகில் போட்டுவைக்கக் கூடாது. கண்ணை இமை காப்பதுபோல் என்பார்களே, அந்தக் காவல் இங்குத் தேவை.

கடல் மயக்கம் வந்துவிடுமோ என்று பலர் அஞ்சுவர். காதின் உட்பகுதி ஆட்டத்தை உணர, கண் அசையாத அறையைக் காண, இரண்டும் வேறுபட்ட செய்தியை மூளைக்கு அனுப்புவதால் இம்மயக்கம் தோன்றுகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் இது அரிது. அதற்குமேல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவரைத்தான் மிகுதியாகத் தாக்கும். சுமாத்திராத் தீவு அரண்போல் நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியற்காலையில் ‘சுமாத்திரா’ எனப்படும் புயற்காற்றும் இடிமழையும் சில வேளை வீசுவதுண்டு. அவை விரைவில் ஓய்ந்துவிடும். நீரிணையைக் கடந்து அந்தமான் கடலை நோக்கிச் செல்லும்போது ஆட்டம் கூடலாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை குறைவாக ஆடும். மயக்கம் வந்தால் வெளிக்காற்றில் நின்று, தொலைவில் கடலும் வானும் சந்திக்கும் கோட்டைப் பார்க்கச் செய்யலாம். மருத்துவரின் ஆலோசனையின்றிப் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. முன்னோட்டமாகப் பிள்ளையைப் படகில் ஏற்றிப் பார்க்க விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஈயச் சுரங்கமாக இருந்து ஏரியாக மாறிய இடத்தருகே எழுந்துள்ள மைன்ஸ் வணிக வளாகத்தினுள் கால்வாய் ஓடுவதையும், அதில் படகு சென்றதையும் ஸ்ரீ கெம்பாங்கான் மக்கள் அறிவர்.

பலர் கூடி உண்ணும் இடத்தில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். நோரோ எனும் கிருமி கப்பல்களில் அடிக்கடி தொல்லை தருவது. கைத்தூய்மித் திரவம் அதற்கு அவ்வளவாகப் பயன் தராது. சவர்க்காரமும் நீரும்தான் சிறந்தவை. தரையில் தவழ்ந்து, படிக்கட்டுக் கம்பியைத் தடவி, அதே விரலை வாயில் வைக்கும் பருவத்தில் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் கை கழுவிவிட ஒருவர் வேண்டும். ஜெரெஜாக் முகாமில் அன்று காத்திருந்த குடும்பங்களுக்கு இருந்த அச்சம் முற்றாக நீங்கிவிட்டது எனச் சொல்வதற்கில்லை, அளவுதான் குறைந்திருக்கிறது.

இனி, அக்காளின் நிலையைப் பார்க்க வேண்டும். இத்தகைய பயணங்களில் மறக்கப்படுபவர் பெரும்பாலும் மூத்த பிள்ளைதான். “நீதானே பெரியவள், தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்ற ஒரு வாக்கியத்தில் அவளுடைய விடுமுறை முழுவதும் கரைந்துவிடக்கூடும். தம்பியைக் கவனிப்பது அவளுக்கும் உரிய பொறுப்புதான். அதே வேளை, பதினான்கு வயதுப் பெண்ணைப் பெற்றோருக்கு மாற்றாக நிறுத்துவது நியாயம் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. குளத்தருகே தம்பியை அவளிடம் மட்டும் விட்டுச் செல்லக் கூடாது. காலை உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் அறையில் அவனோடு விளையாடுவது அவளுடைய முறை என்றால், மாலையில் தன் வயதினரோடு இருக்கவோ நூல் படிக்கவோ ஒரு மணி நேரம் அவளுக்கே உரியதாக இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு அவள் தயங்க வேண்டியதில்லை. பயணத்திற்கு முன் குடும்பமாக அமர்ந்து பேசும்போது, “எனக்கு எந்த நேரம் ஓய்வு, அம்மா?” என்று பணிவாகக் கேட்கலாம். சோர்ந்து, சலித்துப் பார்க்கும் கண்களைவிட ஓய்ந்து திரும்பிய கண்கள் குழந்தையை நன்கு காக்கும் என்பதைப் பெற்றோரும் அறிவர்.

கப்பல் பினாங்கில் அணையும் நாளில், இறங்கி ஊரைச் சுற்ற வேண்டும் என்ற பரபரப்பு எல்லாருக்கும் இருக்கும். லிட்டில் இந்தியா, கொடிமலை, செண்டோல் கடை என்று பட்டியல் நீளும். திரும்பி ஏற வேண்டிய நேரம் கடந்துவிட்டால் கப்பல் காத்திருக்காது. நண்பகலில் தூங்கும் வழக்கமுள்ள பிள்ளையை வெயிலில் இழுத்துச் சென்றால், கொடிமலையின் உச்சியில் அது அலறுவதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டிவரும். அத்தகைய நாளில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துகொள்ளலாம். அப்பாவும் அக்காளும் நகரைச் சுற்றி வரலாம். அம்மா தம்பியைத் தூங்க வைக்கலாம். பாட்டிக்கு விருப்பமிருந்தால், மேல்தளத்தில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிறு வயதில் ராஜுலாவில் வந்திறங்கியவராக இருந்தால், ஜெரெஜாக் தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கப்பல் பணியாளரிடம் அவரே கேட்டுக்கொள்வார்.